ஹேண்ட்பிரேக்கில் ஒரு கை

ஜோகுபாளையம், பெங்களூரு
ஆகஸ்ட் 10, 2025

அன்புள்ள ரகு,

வேண்டாம். எனக்கு டிரைவர் வேண்டாம்.

பள்ளியில் எங்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த சிஸ்டர், கேட்ட கேள்விக்கு முதல் வரியிலேயே பதில் இருக்க வேண்டும் என்பார். நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆகவே இப்போது விசாரிக்கிறேன். நீயும் ஷ்ரேயாவும் சுகந்தானே? அங்கே குளிர் தொடங்கிவிட்டதா, இல்லை இன்னும் வெயிலைக் கொண்டாடிக்கொண்டிருக்கிறீர்களா?

நீ அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்திகளைப் படித்தேன். கார் வாங்குவது போன்ற விஷயத்தைக் கட்டைவிரலால் பேச எனக்கு வராது. நான் காகிதத்தில் எழுதுகிறேன், பார்கவி பெண் ஸ்னேஹா படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். நீயும் காகிதத்தில் எழுது. உன் கையெழுத்தைப் பார்த்து வெகுநாளாகிறது.

அப்பாவின் கார் பழைய மெட்ராஸ் ரோடில், மேம்பாலம் ஏறும் இடத்தில் நின்றேவிட்டது. மெக்கானிக் கியர்பாக்ஸைத் திறந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மூடினார். டாக்டர்கள் அப்படி மூடினால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும்.

இந்த வீட்டில் கார் அலங்காரத்துக்கு நிற்பதில்லை. விடிந்ததும் ஸ்னேஹாவை ஷட்டில் பயிற்சிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பள்ளியில் விட வேண்டும். உன் தங்கை பார்கவிக்கு ஆஸ்பத்திரியில் எந்த வாரம் எந்த டியூட்டி என்று அவளுக்கே தெரியாது. ருக்கு அத்தையை அவள் வாக்கரோடு பிசியோதெரபிக்கு அழைத்துப்போக வேண்டும். மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார், ஆகவே இதெல்லாம் நான்தான். எனக்கு அதில் குறை இல்லை. ஓட்டுவது எனக்குப் பிடிக்கும்.

எனக்கு வேண்டியதை முடிவு செய்துவிட்டேன். நாலு கதவு, பெரிய டிக்கி, ஐந்து பேர் ஏறி ஏசியும் போட்டால் மேம்பாலத்தில் மூச்சு வாங்காத எஞ்சின், கையால் போடுகிற கியர். அப்படியொரு செடான் இருக்கிறது. டர்போ பெட்ரோல். விளம்பரத்தில் அதைப் பெர்ஃபார்மன்ஸ் கார் என்கிறார்கள். நிறம் சிவப்பு. நீ சிரிப்பது இங்கே கேட்கிறது.

துணைக்கு அத்தையின் பிள்ளை பத்ரியைக் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். ரயான் என்று ஒரு பையன், டை கட்டியிருந்தான். எஞ்சினைப் பற்றிய காகிதத்தைப் பத்ரியிடமும், வர்ணங்களின் அட்டையை என்னிடமும் கொடுத்தான். பிறகு, "மேடம், சார் வர்லியா?" என்றான்.

"சார் போய் நாலு வருஷமாச்சு. அவர் வர்ற வரைக்கும் நான் காத்திருக்கணுமாப்பா?" என்றேன்.

பையன் அட்டையை வாங்கிக்கொண்டு காகிதத்தைக் கொடுத்தான். கெட்டிக்காரன்தான்.

உனக்கு ஒன்று ஞாபகமிருக்கும். நீ பிறப்பதற்கு முன்பே எனக்கு லைசென்ஸ் உண்டு. அப்பா என்னை ஓட்டவும் விட்டார், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடைசி வரை என் இடது பக்கம் உட்கார்ந்து, வலது கையை ஹேண்ட்பிரேக் மேல் வைத்துக்கொண்டுதான் வந்தார். ஒரு தடவைகூட அதை இழுத்ததில்லை. கையை எடுத்ததும் இல்லை. நீ பிரேக் தயாரிக்கும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

ஆசிகளுடன்,
அம்மா


ஸ்டுட்கார்ட்
ஆகஸ்ட் 17, 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நமஸ்காரம். பேனா பிடித்து எத்தனை காலம் ஆகிறது தெரியுமா? ஒரு பக்கம் முடிவதற்குள் விரல் வலிக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் திருத்தி அனுப்பாதே, அம்மா.

நாங்கள் சுகம். ஷ்ரேயா உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "சிவப்புதான் சரி, மாமிக்கு என் ஓட்டு" என்றாள். ஆகவே இந்த வீட்டில் எனக்கு ஆதரவு இல்லை. தனியாகத்தான் வாதாடுகிறேன்.

அம்மா, இது என் தொழில். மோதினால் என்ன ஆகும் என்பதைத் தினமும் பார்க்கிறவன் நான். வாட்ஸ்ஆப்பில் நான் சொன்ன அந்த எஸ்.யூ.வி. உயரமானது, கனமானது, முன்னால் வண்டி வந்தால் தானே பிரேக் போடும். கியர் தொல்லை இல்லை. அத்தைக்குக் கால் மடக்க வேண்டாம். பாட்டரி கம்பெனியில் ஓட்டி ரிடையரான இளங்கோவன் என்பவரிடம் பேசிவிட்டேன், காலையும் மாலையும் வருவார், நம் அல்சூர்க்காரர்தான். நீ பின்சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம்.

உனக்கு எழுபத்தொன்று, அம்மா. பிப்ரவரியில் கேட்டில் உரசினாய் என்று பார்கவி சொன்னாள். நீ சொல்லவில்லை. போன் அடித்தால் நான் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் பெங்களூரில் இப்போது மணி என்ன என்றுதான் பார்க்கிறேன். அகாலத்தில் அடித்தால் எடுக்கவே பயமாக இருக்கிறது. அப்பா போன சேதியும் அப்படி ஒரு போனில்தானே வந்தது.

வேகம் எதற்கு உனக்கு? அதை மட்டும் சொல்.

உன் அன்புள்ள,
ரகு


ஜோகுபாளையம்
ஆகஸ்ட் 31, 2025

அன்புள்ள ரகு,

வேகம் எதற்கு என்று கேட்டாய். நம் தெருவிலிருந்து பழைய மெட்ராஸ் ரோடில் நுழைய வேண்டுமென்றால், இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் ஒரு கணம் இடம் கிடைக்கும். அந்தக் கணத்தில் வண்டி கிளம்ப வேண்டும். யோசித்துவிட்டுக் கிளம்பும் வண்டியில்தான் விபத்து நடக்கும். இது ஒரு காரணம். எனக்குப் பிடித்திருக்கிறது என்பது இன்னொரு காரணம். இரண்டாவதைச் சொல்லவும் நான் கூச்சப்படவில்லை.

கேட்டில் உரசியது உண்மை. கேட்டுக்கும் எனக்கும் அது முடிந்துபோன விஷயம்.

உன் எஸ்.யூ.வி.யை நான் ஒதுக்கிவிடவில்லை. நியாயமாகச் சோதித்தேன். போன ஞாயிறு இரண்டு வண்டிகளையும் வீட்டு வாசலுக்கே வரவழைத்தேன். எல்லாரும் ஏறினார்கள். அத்தை முதலில் உன் வண்டியில் ஏறினாள், அதாவது ஏற முயன்றாள். மேலே கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினாள், பத்ரி பின்னாலிருந்து தள்ளினான்.

"என்னடா, அரிசி மூட்டையா ஏத்தறே?"

"காலைத் தூக்கும்மா!"

"தூக்க முடிஞ்சா நான் ஏண்டா பிசியோதெரபிக்குப் போறேன்?"

தெருவே வேடிக்கை பார்த்தது. உயரமான வண்டியில் முழங்காலை மடக்க வேண்டாம் என்று எழுதியிருந்தாய். மடக்க வேண்டாம்தான், தூக்க வேண்டும். அதை நீ யோசிக்கவில்லை.

செடானில் முன்சீட்டில் முதுகைக் காட்டி உட்காரவைத்து, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பினோம். சுலபமாக உட்கார்ந்துவிட்டாள். இறங்குவதுதான் கஷ்டம், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் வேண்டும், பொறுமையும் வேண்டும். கீழே ஒரு கெட்டித் தலையணை போட்டால் சரியாகும் என்று பார்கவி சொல்கிறாள். எப்படியும் ஒரு தடவை உட்காரவைத்தால் போன இடத்துக்குப் போய்ச் சேரும் வரை அவளை அசைக்க முடியாது.

டிக்கியில் வாக்கர், ஸ்னேஹாவின் ராக்கெட் பை, தண்ணீர் கேன் எல்லாம் வைத்துப் பார்த்தேன். கதவு மூடியது. பின்சீட்டில் நடுவில் உட்காருபவருக்குக் கால் வைக்க இடமில்லை. பத்ரி உட்காரட்டும்.

ரயான் என்னை ரிங் ரோடுக்கு அழைத்துப்போகப் பார்த்தான்.

"மேடம், அங்க சும்மா பட்டர் மாதிரி போகும்."

"நான் பட்டர்ல குடியிருக்கலைப்பா. எங்க தெருவிலேயே ஓட்டிக் காட்டறேன், பாரு."

உனக்கு நம் தெருவில் வேகத்தடைக்குப் போட்ட ஹம்ப்புகள் தெரியும். முதலாவது சர்க்கார் போட்டது, மற்றதெல்லாம் தெருக்காரர்கள் ஆசைப்பட்டுப் போட்டது. ஐந்து பேரோடு முதல் ஹம்ப்பில் ஏறியபோது அடியில் கர்ரென்று சத்தம். ரயான் வாசலில் நின்றவன், "மேடம்!" என்று ஓடிவந்தான். பின்னுக்கு எடுத்தேன். மறுபடி கொஞ்சம் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றினேன். சத்தமில்லை. குலுக்கல் இருக்கிறது, ஸ்போர்ட்டி வண்டிகளுக்கு அது உண்டாம். அத்தை, "ஜட்கா மாதிரி இருக்குடி" என்றாள். ஆனால் மெயின் ரோடில் ஏறி மூன்றாவது கியர் போட்டு மிதித்தபோது அவளே ஜன்னல் பக்கம் திரும்பி வேடிக்கை பார்த்தாள். ஸ்னேஹா "பாட்டி!" என்று கத்தினாள். அது பயந்த கத்தல் இல்லை.

பத்ரியிடம், "நீயும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாரேன்" என்றேன். "வேண்டாம் மாமி, நீங்களே ஓட்டுங்கோ" என்று ஒதுங்கிக்கொண்டான்.

புக் பண்ணிவிட்டேன். என் பென்ஷன், அப்பாவின் சேமிப்பு, என் பெயர். விஜயதசமிக்கு வண்டி வருகிறது. இளங்கோவனிடம் என் வணக்கத்தைச் சொல்லி, வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்.

உன் பயம் எனக்குப் புரிகிறது, ரகு. ஆனால் அது உன் பயம். அதை நான் பின்சீட்டில் உட்கார்ந்து தீர்க்க முடியாது.

ஆசிகளுடன்,
அம்மா


ஸ்டுட்கார்ட்
செப்டம்பர் 9, 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நமஸ்காரம். நீ ஜெயித்துவிட்டாய். வண்டி நல்ல வண்டிதான், அதன் பிரேக்குகளைப் பற்றி விசாரித்தேன், குறை சொல்ல முடியவில்லை. உன்னோடு வாதாடி ஜெயித்தவர்கள் நம் குடும்பத்தில் யாருமில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. ருக்கு அத்தை போன் செய்தாள். விஜயதசமியன்று கோயிலில் பூஜை போட்டு எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றும்போது, ஸ்டீரிங்கில் பத்ரி உட்காரட்டும் என்கிறாள். புது வண்டியின் முதல் ஓட்டம் சுபமாக இருக்க வேண்டும், அதை நீ செய்வது முறையில்லை என்கிறாள். உன்னிடம் நேரில் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, உனக்குத் தெரியும். ஆனால் எண்பது வயதுக் கிழவியின் மனதை எதற்கு நோகடிக்க வேண்டும்? ஒரு வண்டி நீளம் நகர்த்துவதுதானே. பிறகு காலமெல்லாம் நீயே ஓட்டு.

பத்ரியிடம் சொல்லிவிட்டேன். ஷோரூமிலிருந்து சாவியை அவனே வாங்கிக்கொள்வான்.

டிசம்பரில் நாங்கள் வரப் பார்க்கிறோம். இப்போதைக்கு உறுதியில்லை.

உன் அன்புள்ள,
ரகு


ஜோகுபாளையம்
செப்டம்பர் 14, 2025

ரகு,

மாட்டேன்.

அத்தைக்கு நம்பிக்கை இருக்கிறது. அவள் கணவர் போனதிலிருந்து எந்தக் கல்யாணத்திலும் அவள் முன்வரிசையில் நின்றதில்லை, எந்த மஞ்சள் குங்குமத் தட்டையும் தொட்டதில்லை. தனக்கு ஒன்றும் எனக்கு வேறொன்றுமாக அவள் சொல்லவில்லை. அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

உனக்கு நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாமலேயே என்னைத் தள்ளி நிற்கச் சொல்கிறாய், அதுவும் ஒரு வண்டி நீளத்துக்குத்தானே என்கிறாய். அந்த ஒரு வண்டி நீளத்தில்தான் எல்லாம் இருக்கிறது. இல்லாவிட்டால் நீ ஏன் அதைக் கேட்கிறாய்?

உன் அப்பா இறந்தது நான் செய்த காரியம் இல்லை. இந்த நாலு வருஷமாக ஸ்னேஹாவை ஒவ்வொரு போட்டிக்கும் ஓட்டிக்கொண்டு போனது இந்தக் கைதான். மைசூரில் ஜெயித்தபோது கோப்பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு என் வண்டியில்தான் திரும்பினாள். பார்கவி விடியற்காலை டியூட்டி முடிந்து வந்து தூங்கியது என் பக்கத்து சீட்டில்தான். அப்போதெல்லாம் சுபமா அசுபமா என்று யாரும் கேட்கவில்லை. தினசரிக்கு நான் ஆவேன், முதல் நாளுக்கு மட்டும் ஆகமாட்டேனா?

என்னைக் கேட்காமல் என் வண்டிச் சாவியை இன்னொருவனிடம் கொடுக்கச் சொன்னாய். அப்பாவாவது என் பக்கத்தில் உட்கார்ந்துதான் பிரேக்கைப் பிடித்தார். நீ அங்கிருந்தே பிடிக்கிறாய்.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அந்த எலுமிச்சம்பழத்தின் மேல் யார் வண்டியை ஏற்ற வேண்டும்? அத்தை என்ன நினைக்கிறாள் என்று எழுதாதே. நீ என்ன நினைக்கிறாய் என்று முதல் வரியில் எழுது. விஜயதசமிக்கு முன்னால் எழுது.

அம்மா


ஜோகுபாளையம்
அக்டோபர் 4, 2025

அன்புள்ள ரகு,

உன் பதில் வரவில்லை. நீ படித்துவிட்டாய் என்பது தெரியும். இரண்டு நீலக்கோடு விழுந்ததை ஸ்னேஹா காட்டினாள். நடந்ததைப் பத்ரி உனக்குத் தன் பாணியில் சொல்லியிருப்பான், அத்தை தன் பாணியில் அழுதிருப்பாள். நானும் எழுதிவிடுகிறேன்.

ஏரிக்குப் பக்கத்துப் பிள்ளையார் கோயில் வாசலில் புது வண்டிகள் வரிசையாக நின்றன. ரயான் நம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, சாவியைப் பத்ரியிடம் கொடுத்தான். என்னைப் பார்த்து, "சாரி மேடம், ஃபாரின்லருந்து சார் போன் பண்ணாரு" என்றான். அத்தையை முன்னாலேயே இடது சீட்டில் உட்காரவைத்தாயிற்று, வெயிலில் அவளால் நிற்க முடியவில்லை. அர்ச்சகர் மாலை போட்டு, சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்.

கோயில் வாசலில் சாவிக்காகச் சண்டை போட எனக்கு மனம் வரவில்லை. பத்ரி ஏறினான். வண்டியைக் கிளப்பினான். அது ஒரு துள்ளு துள்ளி நின்றது. மறுபடி கிளப்பினான், மறுபடி நின்றது.

அவன் பொம்மனஹள்ளிக்குக் குடிபோன நாளிலிருந்து ஓட்டுவது ஆட்டோமேட்டிக். கிளட்ச் என்று ஒன்று இருப்பதே அவன் இடது காலுக்கு மறந்துபோயிருக்கிறது. நீயும் யோசிக்கவில்லை, அத்தையும் யோசிக்கவில்லை. அன்றைக்குத் தெருவில் ஓட்டிப்பார்க்கச் சொன்னபோது ஏன் ஒதுங்கினான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. துள்ளிய துள்ளலில் ஒரு பழம் உருண்டு சாக்கடைப் பக்கம் போயிற்று. பின்னால் நின்ற வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அர்ச்சகர் இன்னொரு பழத்தை வைத்துவிட்டு, "யாராதரூ பேக ஹத்தி அம்மா" என்றார். யாராவது சீக்கிரம் ஏறுங்கள், அவ்வளவுதான். யார் என்று அவர் கேட்கவே இல்லை.

பத்ரி வியர்த்துப்போய் இறங்கினான். ரயானைத் தேடினான், அவன் அடுத்த டெலிவரிக்குப் போய்விட்டிருந்தான். பிறகு என் பிள்ளை ஏற்பாடு செய்த அந்த ஆண்மகன் என்ன செய்தான் தெரியுமா? ரோடு முனையில் நின்ற ஆட்டோ ஸ்டாண்டைப் பார்த்து, "ஒரு நிமிஷம் மாமி, ஒரு டிரைவரைக் கூட்டிண்டு வரேன்" என்று ஓடினான்.

முகம் தெரியாத ஒரு ஆட்டோக்காரர் ஏற்றலாம். நான் ஏற்றக் கூடாது.

சாவி வண்டியிலேயே இருந்தது. நான் ஏறி உட்கார்ந்தேன். சீட்டை முன்னுக்கு இழுத்தேன், கண்ணாடியைத் திருப்பினேன்.

"சாந்தா, வேண்டாம்டி. நாமெல்லாம் தள்ளி நிக்கணும். அதுதான் முறை."

"இறங்கணும்னா இறங்குங்கோ அக்கா. பார்கவி பிடிச்சுப்பா."

அத்தை இறங்கவில்லை. இறங்க முடியாது என்பதும் உண்மை, ஆனால் பார்கவியைக் கூப்பிடவும் இல்லை. நான் முதல் கியர் போட்டேன். அப்போது அத்தையின் கை, தானாக, நடுவிலிருந்த ஹேண்ட்பிரேக் மேல் வந்து உட்கார்ந்தது. அப்படியே உன் அப்பாவின் கை. அதே விரல், அதே முட்டி. அக்கா தம்பி அல்லவா.

ஐம்பது வருஷமாக நான் சொல்லாததை அப்போது சொன்னேன், ரகு. குரலை உயர்த்தவில்லை.

"கையை எடுங்கோ."

எடுத்துவிட்டாள். மடியில் வைத்துக்கொண்டாள்.

முன்சக்கரங்கள் ஏறின, பிறகு பின்சக்கரங்கள். வண்டி குலுங்கக்கூட இல்லை. ஸ்னேஹா வெளியிலிருந்து கைதட்டினாள். பத்ரி ஒரு ஆட்டோக்காரரை அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது நாங்கள் ரோடில் இருந்தோம். அந்த மனிதர் எனக்குச் சலாம் வைத்தார்.

ஏரியைச் சுற்றிக்கொண்டு வந்தேன். பாதி தூரம் போனதும் அத்தை என் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்.

"நாலும் நசுங்கித்தா?"

"நாலும்."

மடியிலிருந்த கைகளைக் கோத்துக்கொண்டாள். "நான் உள்ளே உக்காந்துண்டிருந்தேனே சாந்தா. அப்போ நானும்தானே ஏத்தினேன்?"

"நீங்களும்தான் அக்கா."

அத்தை அழுதிருப்பாள் என்று முன்னால் எழுதினேன் அல்லவா, உண்மையில் அவள் அப்போதுதான் அழுதாள். சிக்னலில் நின்றபோது பக்கத்து ஸ்கூட்டர் பையன் வண்டியைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினான். அவனுக்கு இவள் கையை ஆட்டினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

இனி நான் உன்னைக் கேட்பதற்கு எதுவும் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதிலும் வேண்டாம். அது பதில் இல்லாமலே தீர்ந்துவிட்டது. நீ பதில் எழுதாத அந்த மூன்று வாரத்தை நான் மறக்கப்போவதில்லை, மறந்ததாக உன்னிடம் நடிக்கவும் போவதில்லை. அதோடுகூட நீ என் பிள்ளைதான், அதில் மாற்றமில்லை.

டிசம்பரில் வருவதானால் தேதியை மட்டும் எழுது. ஏர்போர்ட்டுக்கு நான்தான் வருவேன். டாக்சி பிடித்துக்கொள்கிறேன், பத்ரி வரட்டும் என்றெல்லாம் சொல்லாதே. ஷ்ரேயா பெட்டிகளோடு பின்சீட்டில் தாராளமாக உட்காரலாம். நீ முன்னால் உட்கார், என் இடது பக்கம். பெல்ட் போட்டுக்கொள்.

கை மடியில் இருக்கட்டும்.

அம்மா